‘புவெல்த்தா’: ஸ்பானிஷ் கற்பவர்கள் முதலில் பழக வேண்டிய ஒரு சொல்

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே ‘புவெல்த்தா’ (vuelta) என்ற சொல் எதிரே வந்துவிடும். ரயில் டிக்கெட்டில் இருக்கும். கடைக்காரர் சில்லறையை நீட்டும்போது சொல்வார். சாயங்காலம் நண்பர் கூப்பிடும்போது வரும். செப்டம்பரில் ஸ்பெயினின் சூப்பர் மார்க்கெட் வாசல்களில் பெரிய எழுத்தில் தொங்கும். அகராதியில் தேடினால் திருப்பம், சுற்று, வளைவு, திரும்பி வருதல், மீதிப் பணம், மறுபக்கம் என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகும்.

அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். இந்தச் சொல் தனியாக வருவது குறைவு. அதற்கு முன்னால் நிற்கும் வினையையும், ‘உனா’, ‘லா’, ‘தே’ போன்ற சின்னச் சொற்களையும் கவனித்தால் பொருள் தெளிந்துவிடும். எந்த வரிசையில் பழகினால் எளிது என்பதை, அன்றாடத் தேவையை வைத்துக் கீழே சொல்கிறேன்.

முதல் படி: ஒலியும் வேரும்

ஸ்பானிஷில் ‘வி’ எழுத்துக்கும் ‘பி’ எழுத்துக்கும் ஒலி ஒன்றுதான். அதனால் இந்தச் சொல்லின் முதல் ஒலி, ‘பஸ்’ என்று சொல்லும்போது வரும் ‘ப’. ‘புவெ’ என்பதைப் பிரிக்காமல் ஒரே அசையாகச் சொல்லுங்கள். கடைசியில் வரும் ‘த்தா’, ‘பத்து’வில் நாக்கு பல்லைத் தொடுகிறதே, அதே ஒலி. ‘டா’ என்று சொல்லிவிட வேண்டாம். ஆங்கிலம் பேசுபவர்கள் சிரமப்படும் இந்தப் பல்லொலி நமக்கு இயல்பாகவே வரும். கீழே அடிக்கடி வரப்போகும் ‘தார்’ என்ற வினையில் மட்டும் ‘தயவு’ என்பதில் உள்ள மெல்லிய ‘த’வைப் போடுங்கள்.

இது பெண்பால் பெயர்ச்சொல். ஆகவே ‘லா புவெல்த்தா’, ‘உனா புவெல்த்தா’. பன்மையில் ‘லாஸ் புவெல்த்தாஸ்’. ‘போல்வேர்’ என்ற வினையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று அந்த வினைக்குப் பொருள் ‘திரும்பி வா’. ஆனால் அதன் லத்தீன் மூலத்துக்கு ‘உருட்டு, சுழற்று’ என்று பொருள். சுழற்சி முதலில் வந்தது, திரும்பி வருதல் பிறகு சேர்ந்தது. ஒரு முழுச் சுற்று போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம் அல்லவா? ‘புவெல்த்தா’வின் எல்லாப் பொருள்களும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து கிளைத்தவை. புதிதாக ஒரு தொடர் காதில் விழுந்தால், சுற்றுவதைச் சொல்கிறார்களா, திரும்புவதைச் சொல்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாம் படி: டிக்கெட்

மாட்ரிதின் அத்தோச்சா நிலையத்திலிருந்து தொலேதோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புபவர்கள் ஏராளம். டிக்கெட் கவுன்ட்டரிலும் இணையதளத்திலும் முதல் கேள்வியே ‘சோலோ இதா’வா, ‘இதா இ புவெல்த்தா’வா என்பதுதான். ‘இதா’ என்றால் போவது, ‘புவெல்த்தா’ என்றால் வருவது. நாம் ‘போக வர டிக்கெட்’ என்கிறோமே, அதே அமைப்பு. கவுன்ட்டரில் இப்படிக் கேட்கலாம்: ‘உன் பியேத்தே தே இதா இ புவெல்த்தா ஆ தொலேதோ, போர் ஃபவோர்.’ தொலேதோவுக்குப் போக வர ஒரு டிக்கெட் வேண்டும் என்று பொருள்.

மெக்சிகோவில் இதையே ‘ரெதோந்தோ’ என்று கேட்பது வழக்கம். வட்டமான பயணம் என்று அர்த்தம். அங்கே டிக்கெட்டும் ‘போலேத்தோ’ ஆகிவிடும். அர்ஜென்டினாவில் ‘பசாஹே தே இதா இ புவெல்த்தா’.

இந்த ஜோடிச் சொல் ஃபிளமெங்கோ இசைக்குள்ளும் புகுந்திருக்கிறது. ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் போய், அங்குள்ள தாளங்களோடு கலந்து, மறுபடியும் தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாவுக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் பாட்டு வகைகளுக்கு ‘காந்தேஸ் தே இதா இ புவெல்த்தா’ என்றே பெயர். குவாஹிரா, மிலோங்கா, ரூம்பா எல்லாம் அதில் வரும்.

மூன்றாம் படி: மீதிப் பணம்

ஸ்பெயினில் கடைக்காரர் திருப்பித் தரும் பணம் ‘லா புவெல்த்தா’ அல்லது ‘லாஸ் புவெல்த்தாஸ்’. கொடுத்ததில் ஒரு பகுதி நம்மிடமே திரும்பி வருகிறது. ‘எல் காம்பியோ’ என்றும் சொல்வார்கள், இரண்டும் சரி. டாக்ஸி ஓட்டுநரிடம் ‘மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல ‘கேதேஸே கோன் லா புவெல்த்தா’ போதும்.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் சொல் மாறும். அர்ஜென்டினா, சிலி, பெரு, வெனிசுவேலா போன்ற நாடுகளில் மீதிப் பணம் ஆண்பாலாகி ‘எல் புவெல்த்தோ’ ஆகிறது. கொலம்பியாவில் ‘லாஸ் புவெல்த்தாஸ்’, ‘லா தேபுவெல்த்தா’ இரண்டையும் கேட்கலாம். மெக்சிகோவில் ‘எல் காம்பியோ’தான். எங்கே இருந்தாலும் ‘காம்பியோ’ என்றால் புரிந்துகொள்வார்கள். எது சொல்வது என்று குழம்பினால் அதையே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: ‘தார்’ என்ற வினையோடு

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். ‘தார்’ என்றால் ‘கொடு’. அது ‘புவெல்த்தா’வோடு சேரும்போது நான்கு வேறு வேலைகள் செய்கிறது. நடுவில் வரும் சின்னச் சொல்லில்தான் வித்தியாசம். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான், ஆகவே ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

‘தார் உனா புவெல்த்தா’: சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது. ‘பாமோஸ் ஆ தார் உனா புவெல்த்தா’ என்று நண்பர் சொன்னால், குறிப்பிட்ட இடம் எதுவும் இல்லை, வா வெளியே போய்விட்டு வரலாம் என்று அர்த்தம். ஸ்பெயினில் வெயில் தாழ்ந்த பிறகு குடும்பம் குடும்பமாகத் தெருவில் நடப்பது நாள்தோறும் நடக்கும் விஷயம். இந்த அழைப்பு வந்தால் தட்டாமல் போங்கள், மொழி அங்கேதான் வளரும். காரிலோ சைக்கிளிலோ போனாலும் இதே தொடர்தான். வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு சுற்று போவது ‘தார் உனா புவெல்த்தா ஆ லா மன்ஸானா’. ‘மன்ஸானா’ என்றால் ஆப்பிள் என்று படித்திருப்பீர்கள். நான்கு பக்கமும் தெரு சூழ்ந்த கட்டடத் தொகுதிக்கும் அதே பெயர்.

அலுவலகத்தில் இந்தத் தொடர் வேறு வேடம் போடும். ஸ்பெயினில் மேலதிகாரி உங்கள் யோசனையைக் கேட்டுவிட்டு ‘லே தோய் உனா புவெல்த்தா’ என்றால், நடக்கப் போகிறார் என்று நினைக்க வேண்டாம். ‘யோசித்துப் பார்க்கிறேன்’ என்கிறார்.

‘தார் லா புவெல்த்தா’: ‘உனா’ போய் ‘லா’ வந்தால் ஒரு பொருளைப் புரட்டுவது, அல்லது ஒன்றை முழுதாகச் சுற்றி வருவது. ஸ்பெயினின் தோர்தீயா நம் ஆம்லெட்டுக்கு நெருங்கிய உறவு: முட்டை, உருளைக்கிழங்கு, பெரும்பாலும் வெங்காயமும். ஒரு பக்கம் வெந்ததும் வாணலி மேல் தட்டைக் கவிழ்த்து, ஒரே மூச்சில் தலைகீழாக்கி, மறுபடியும் வாணலிக்குள் நழுவவிட வேண்டும். அந்தச் செயல்தான் ‘தார்லே லா புவெல்த்தா ஆ லா தோர்தீயா’. தோற்றுக்கொண்டிருந்த அணி கடைசியில் ஜெயித்தாலும், இளைத்தவன் கை ஓங்கினாலும் இதே வாக்கியத்தைச் சொல்வார்கள். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாலும் ‘தார் லா புவெல்த்தா’தான்.

முழுதாகச் சுற்றி வருவதற்குப் பெரிய உதாரணம் ‘லா புவெல்த்தா அல் முந்தோ’, உலகைச் சுற்றுவது. 1519இல் மெகல்லன் தலைமையில் ஸ்பெயினின் சான்லூக்கரிலிருந்து கப்பல்கள் கிளம்பின. மெகல்லன் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். 1522 செப்டம்பர் 6 அன்று ‘விக்டோரியா’ என்ற ஒரே கப்பல், எல்கானோவின் தலைமையில், 18 பேரோடு சான்லூக்கருக்கே திரும்பியது. ஸ்பானிஷ் பாடநூல்களில் இதற்குப் பெயர் ‘லா ப்ரிமேரா புவெல்த்தா அல் முந்தோ’. சுற்றுவது, திரும்புவது என்ற இரண்டு பொருளும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன.

‘தார்ஸே லா புவெல்த்தா’: ‘ஸே’ சேர்ந்தால் நம்மை நாமே திருப்பிக்கொள்வது. மருத்துவர் பரிசோதனைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு ‘தேஸே லா புவெல்த்தா’ என்றால் புரண்டு படுக்கச் சொல்கிறார். துணிக்கடையில் கண்ணாடி முன் நிற்கும்போது தோழி ‘தாத்தே லா புவெல்த்தா’ என்றால், திரும்பு, பின்பக்கமும் பார்க்கலாம் என்கிறாள். ராணுவ அணிவகுப்பில் ‘மேதியா புவெல்த்தா’, அதாவது அரைச் சுற்று, என்பது பின்புறம் திரும்பச் சொல்லும் கட்டளை. அர்ஜென்டினாவிலும் சிலியிலும் நடுவில் உள்ள ‘லா’வை விட்டுவிட்டு ‘தார்ஸே புவெல்த்தா’ என்பார்கள். அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

‘தார் புவெல்த்தாஸ்’: பன்மை, முன்னால் ஒன்றும் இல்லை. சுற்றிச் சுற்றி வருவது. இடம் கிடைக்காமல் கார் நிறுத்தத் தெருத்தெருவாக அலைவது, ராட்டினம் சுற்றுவது எல்லாம் இதில் அடங்கும். ‘மே தா புவெல்த்தாஸ் லா கபேஸா’ என்றால் அப்படியே ‘எனக்குத் தலை சுற்றுகிறது’. தூக்கம் வராமல் படுக்கையில் புரள்வதும் ‘தார் புவெல்த்தாஸ் என் லா காமா’. ஒரே விஷயத்தை மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருக்கும் நண்பரிடம் ‘நோ லே தேஸ் மாஸ் புவெல்த்தாஸ்’ என்று சொல்லலாம். விட்டுத் தள்ளு, அதையே யோசிக்காதே என்று ஆறுதலாகச் சொல்வது. ஸ்பானிஷ் பேசுபவர்கள் வாயில் நாள்தோறும் வரும் வாக்கியம் இது. இன்றே பழகிக்கொள்ளுங்கள்.

இதற்குப் பக்கத்தில் ஒரு புகழ்ச்சியும் உண்டு. ‘தே தா மில் புவெல்த்தாஸ்’ என்றால் அவன் உன்னை ஆயிரம் சுற்று சுற்றுகிறான் என்று சொல்லுக்குச் சொல் வரும். உண்மையில் ‘உன்னைவிட அவன் எவ்வளவோ கெட்டிக்காரன்’ என்பது பொருள்.

வீடு வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இன்னொன்று. கதவைச் சாத்தினால் மட்டும் போதாது, ‘தோஸ் புவெல்த்தாஸ்’ போடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்வார். சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: ‘ஆ லா’, ‘தே’

வழி கேட்கும்போது ‘எஸ்தா ஆ லா புவெல்த்தா’ என்ற பதில் வந்தால், முக்கு திரும்பினால் வந்துவிடும், பக்கத்தில்தான் என்று பொருள். ‘ஆ லா புவெல்த்தா தே லா எஸ்கினா’ என்பது முழு வடிவம். காலத்துக்கும் பயன்படும்: தேர்வு ‘ஆ லா புவெல்த்தா தே லா எஸ்கினா’ இருக்கிறது என்றால் நெருங்கிவிட்டது. ‘ஆ லா புவெல்த்தா’ மட்டும் ‘திரும்பி வரும்போது’ என்றும் வரலாம். ‘ஆ லா புவெல்த்தா கோம்ப்ரோ பான்’ என்றால், வரும்போது ரொட்டி வாங்கி வருகிறேன். படிவத்தின் அடியில் இருந்தால் ‘மறுபக்கம் பார்க்க’.

‘எஸ்தோய் தே புவெல்த்தா’ என்றால் ‘வந்துவிட்டேன்’. ஆனால் ‘எஸ்தா தே புவெல்த்தா தே தோதோ’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், எல்லாவற்றையும் பார்த்துச் சலித்தவர், எதற்கும் அசரமாட்டார் என்று அர்த்தம். புவெனோஸ் அயர்ஸ் பக்கம் ‘தே புவெல்த்தா’ வெறுமனே ‘மறுபடியும்’ ஆகிவிடும். ‘யுவேவே தே புவெல்த்தா’ என்றால் அங்கே ‘மறுபடியும் மழை பெய்கிறது’.

செப்டம்பரில் கடைகளில் தொங்கும் ‘புவெல்த்தா அல் கோலே’ என்பது பள்ளிக்குத் திரும்புவது. ‘கோலே’ என்பது பள்ளியைக் குறிக்கும் ‘கோலேஹியோ’வின் செல்லச் சுருக்கம். தென்கோளத்தில் இருக்கும் அர்ஜென்டினாவில் புத்தகப் பையும் நோட்டும் விற்கும் இந்த விளம்பரம் பிப்ரவரி, மார்ச்சில் வரும்.

ஆறாம் படி: செய்தித்தாள்

ஆகஸ்ட் கடைசியில் ஸ்பானிஷ் செய்திகளில் அடைமொழி ஒன்றும் இல்லாமல் ‘லா புவெல்த்தா’ என்று வந்தால் அது சைக்கிள் பந்தயம். ஸ்பெயினைச் சுற்றி நடக்கும் இந்தப் போட்டி 1935இல் தொடங்கியது. 1995இலிருந்து கோடை முடியும் இந்தக் காலத்துக்கு மாற்றப்பட்டது. இப்போது 21 கட்டங்கள், ஏறக்குறைய மூன்று வாரம். முன்னிலையில் இருப்பவர் 2010 முதல் சிவப்புச் சட்டை அணிகிறார். ஸ்பெயினின் ரொபேர்த்தோ ஏராஸ், ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச் இருவரும் நான்கு முறை வென்றவர்கள்.

தடகளத்திலும் கார் பந்தயத்திலும் ஒவ்வொரு சுற்றும் ஒரு ‘புவெல்த்தா’. 10,000 மீட்டர் ஓட்டம் என்றால் 25 புவெல்த்தாஸ். கோப்பையை வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வருவது ‘புவெல்த்தா ஒலிம்பிக்கா’. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் உருகுவே அணி அப்படிச் சுற்றி வந்ததிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்று தென் அமெரிக்காவில் சொல்வார்கள்.

கால்பந்தில் கொஞ்சம் கவனம் தேவை. இரண்டு ஆட்டங்களாக நடக்கும் சுற்றில் முதல் ஆட்டம் ‘இதா’, இரண்டாவது ‘புவெல்த்தா’. லீக் போட்டியிலோ ‘ப்ரிமேரா புவெல்த்தா’ என்றால் பருவத்தின் முதல் பாதி. ஸ்பெயின் லீக்கில் 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டம். எல்லா அணிகளோடும் ஒரு முறை ஆடிய 19 ஆட்டங்களோடு முதல் பாதி முடிகிறது. அடுத்த 19 ‘செகுந்தா புவெல்த்தா’.

அதே ‘செகுந்தா புவெல்த்தா’ அரசியல் பக்கத்தில் வந்தால் முற்றிலும் வேறு. அதிபர் தேர்தலில் யாருக்கும் போதுமான வாக்கு கிடைக்காதபோது முதல் இருவருக்கு இடையே நடக்கும் இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு அது. 2021 ஜூன் 6இல் பெருவிலும், 2021 டிசம்பர் 19இல் சிலியிலும், 2022 ஜூன் 19இல் கொலம்பியாவிலும் அதிபர்களைத் தீர்மானித்தது இந்தச் சுற்றுதான். அர்ஜென்டினாவில் இதற்கு ‘பலோத்தாஹே’ என்ற பெயரே அதிகம் புழங்கும். 2023 நவம்பர் 19இல் மிலேய் வென்றது அதில். மெக்சிகோவில் இந்த இரண்டாம் சுற்று முறையே இல்லை, யார் அதிகம் வாங்கினாலும் அவர்தான் அதிபர்.

ஏழாம் படி: ஊர்ப் பெயர்களும் உள்ளூர் வழக்கும்

ஆறு வளையும் இடமும் ‘புவெல்த்தா’தான். பரானா ஆற்றின் ஒரு வளைவில் 1845 நவம்பர் 20 அன்று, உள்ளே நுழைய வந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களை ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டித் தடுக்க முயன்றார்கள் அர்ஜென்டினப் படையினர். அந்த இடம் ‘புவெல்த்தா தே ஒப்லிகாதோ’. அந்த நாளை அர்ஜென்டினா தேசிய இறையாண்மை நாளாகக் கொண்டாடுகிறது. புவெனோஸ் அயர்ஸின் லா போக்கா பகுதிக்குப் போனால், வண்ண வண்ண வீடுகள் இருக்கும் காமினீத்தோவை ஒட்டி ‘புவெல்த்தா தே ரோச்சா’ என்ற வளைவைப் பார்க்கலாம். கியூபாவில் சுருட்டுப் புகையிலைக்குப் பேர்போன பகுதி ‘புவெல்த்தா அபாஹோ’.

மெக்சிகோவில் வண்டி ஓட்டுபவர்கள் ‘புவெல்த்தா என் ஊ’ என்ற பலகையைப் பார்ப்பார்கள், வண்டியை வந்த திசைக்கே திருப்பும் இடம். ஸ்பெயினில் இதற்கு ‘காம்பியோ தே சென்தீதோ’ என்று எழுதியிருக்கும். இறைச்சிக் கடையிலும் உணவகத்திலும் ‘புவெல்த்தா இ புவெல்த்தா’ என்றால் இரண்டு பக்கமும் சட்டென்று காட்டி எடுத்துவிடுவது. உள்ளே சிவப்பாக இருக்கும். நன்றாக வெந்த இறைச்சி வேண்டுபவர்கள் இதைச் சொல்லாதீர்கள்.

கொலம்பியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ‘தேங்கோ கே அஸேர் உனா புவெல்த்தா’ என்றால் வங்கிக்கோ அலுவலகத்துக்கோ போக வேண்டிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது என்று பொருள். சாதாரணமான, மரியாதையான பேச்சுதான். ஆனால் தெருப்பேச்சில் ‘லா புவெல்த்தா’ சட்டவிரோதமான காரியத்தையும் குறிக்கும். யார் சொல்கிறார், எந்தத் தொனியில் சொல்கிறார் என்று பார்த்துப் பேசுங்கள்.

எட்டாம் படி: கொஞ்சம் பழகிய பிறகு

‘நோ ஐ புவெல்த்தா அத்ராஸ்’: இனி பின்வாங்க முடியாது. ‘நோ தியேனே புவெல்த்தா தே ஓஹா’: திருப்பிப் பார்க்க மறுபக்கமே இல்லாத தாள், அதாவது மறுக்க இடமில்லை. ஒருவரை ‘தே புவெல்த்தா இ மேதியா’ வைத்தார்கள் என்றால் கன்னாபின்னாவென்று திட்டித் தீர்த்தார்கள். இவற்றை முதலில் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். நீங்களே பேச அவசரம் வேண்டாம், இடம் தவறினால் காதில் உறுத்தும்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு, சாயங்காலம் வெளியே போகும்போது ‘சால்கோ ஆ தார் உனா புவெல்த்தா’ என்றும், வீட்டுக்குள் நுழையும்போது ‘யா எஸ்தோய் தே புவெல்த்தா’ என்றும் சத்தமாகச் சொல்லுங்கள். தோசையைத் திருப்பும்போது ‘லே தோய் லா புவெல்த்தா’. இந்த மூன்றும் நாக்கில் தடையில்லாமல் வந்த பிறகு ‘ஸே’ சேர்ந்த வடிவத்தை எடுங்கள். அப்புறம் ஸ்பானிஷ் செய்தித் தளம் ஒன்றில் இந்தச் சொல்லைத் தேடி, ஒரு நாளைக்கு ஐந்து தலைப்புகளை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிற்கும் சின்னச் சொல்லைக் கோடிட்டு, சுற்றா திரும்பலா என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். இரண்டிலும் சேராத தலைப்பு கிடைத்தால், ஸ்பானிஷ் பேசும் யாரிடமாவது அந்த வரியை அப்படியே காட்டிக் கேளுங்கள்.